மருந்துக்கடையில் கேட்காத கேள்வி

மூன்று நாளாக மூக்கடைப்பு. தூக்கம் போய் நான்கு மாதமாகிறது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மாத்திரை சொல்லிவிட்டார்கள். ஒன்றையும் தொடவில்லை. போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். இது படித்து வந்த புத்தி இல்லை. பத்து வயதில் நான் செய்த ஒரு காரியத்தால் வந்தது.

அப்போது நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. மண்ணும் தூசியுமாக இருப்பதால் வருடம் முழுக்கச் சளி. கம்பெனி ஆஸ்பத்திரியில் மெடிக்கல் புக்கைக் காட்டி அவர் வாங்கி வரும் மாத்திரைகளில் மிச்சமெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேரும். அப்பாவுக்கு எழுதினது குடும்பத்துக்கே எழுதினது என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். எங்கள் பிளாக்கில் முக்கால்வாசி வீடுகளில் அதே சட்டம்தான். எனக்கென்றால் அதில் பாதி உடைத்துத் தருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி பிறந்து மூன்று மாதம். அம்மாவுக்குச் சளி பிடித்து, வாயைத் திறந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டு சமைத்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா டப்பாவைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, மெடிக்கல்ல இதக் காட்டி, பால் குடுக்கறவங்க போடலாமான்னு கேட்டுகினு வா."

போனேன். கடை வாசலில் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எதற்கெடுத்தாலும் பட்டப்பெயர் வைக்கிற ஜென்மங்கள். அவர்கள் காதுபடப் பால் கொடுப்பது பற்றிப் பேசுவதா? செத்தாலும் மாட்டேன். கடைக்கார அங்கிள் என்ன வேண்டும் என்றார். அட்டையை நீட்டி, "இது சளிக்குத்தானே அங்கிள்?" என்றேன். ஆமாம், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்றார். ஓட்டமாக வீட்டுக்கு வந்து, "போடலாமாம், அம்மா" என்றேன். அது முழுப்பொய் இல்லை என்று வழியிலேயே எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாயிற்று.

இரண்டு நாளில் மூக்கு திறந்தது. நிறுத்தினால் திரும்ப அடைத்தது. அம்மா விடாமல் போட்டாள். அதற்குள் தம்பி படுத்த ஆரம்பித்தான். மார்பில் வாய் வைப்பான், இரண்டு இழுப்பு இழுப்பான், வாயை எடுத்துவிட்டு வீறிடுவான். அவனுடைய ஈரத்துணிகளை அலசிக் கொடியில் போடுவது என் வேலை. துணி நாளுக்கு நாள் குறைந்தது. அதில் எனக்கு ஏக சந்தோஷம், பாவி.

குறிஞ்சிப்பாடியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. வந்த வேகத்தில் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். "புள்ளய மடியில போட்டுகினு எந்நேரமும் டிவி பாத்துகினு இருந்தா பாலு எங்கேர்ந்து ஊறும்?" பூண்டு வதக்கினாள், சுறாப்புட்டு செய்தாள், முருங்கைக்கீரை பறித்து வந்தாள். அம்மா எல்லாவற்றையும் விழுங்கினாள், மாத்திரையையும் சேர்த்து. பால் ஊறவில்லை. அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு, "எம் புள்ளைக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லியே" என்று அவள் அழுததைப் பார்த்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. எந்நேரமும் அழுகிற வீடாகப் போய்விட்டதே என்றிருந்தது.

தடுப்பூசி நாளன்று அத்தையும் நானும் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் தம்பியை எடைத்தட்டில் போட்டார். முள்ளைப் பார்த்தார், தடுப்பூசி அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, போன மாசத்துலேர்ந்து வெயிட்டே ஏறலியே. நீ எதுனா மாத்திரை சாப்புடறியா?"

அம்மா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் பின்பக்கத்து எழுத்தை விரலால் தடவிப் படித்தார். இதில் மூக்கடைப்புக்கான மருந்து இருக்கிறது, சிலருக்கு அது பாலையும் குறைத்துவிடும், பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது என்றார். இன்றோடு நிறுத்து, ஆவி பிடி, உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து போதும், பிள்ளையை அடிக்கடி மார்பில் போடு, பால் திரும்ப வரும், இப்போதே டாக்டரிடம் பிள்ளையைக் காட்டிவிட்டுப் போ என்று அடுக்கினார். பிறகுதான் கேட்டார்.

"போடறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டியா இல்லியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல சிஸ்டர். யாரையும் கேக்கல. என் தப்புதான்."

படிச்சவதானே நீ என்று நர்ஸ் திட்டினார். அத்தை பஸ் ஸ்டாப் வரை திட்டிக்கொண்டே வந்தாள். அம்மா தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னே நடந்தாள். என்னைக் கடைக்கு அனுப்பியதையே மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தப்பித்தோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

பால் மெல்ல மெல்லத் திரும்பியது. தம்பி தேறிவிட்டான். ஆனால் அத்தைக்கு அது வாய்க்கு நல்ல கதையாகிப்போனது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று சொந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் எடுத்து விடுவாள். "யாரையும் ஒரு வார்த்த கேக்காம மாத்திரய முழுங்கிட்டு, புள்ளயப் பட்டினி போட்ட மவராசி எங்கூட்டு மருமவ." எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் ஒப்புக்குச் சிரித்துவைப்பாள். அப்போதெல்லாம் அவள் என் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டாள். யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவள் திரும்பவில்லை என்று தெரியாமல், கூட்டத்தோடு கூட்டமாக நானும் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.