சீட்டில் அஸ்தமனம்

எழுபதுகளில், கல்யாணமான புதிதில், செங்கல்பட்டில் வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரர் பட்டணத்து ஓவியக்கூடம் ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ரசனை கற்றுக்கொடுக்கிறாராம். படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டை ஓரக்கண்ணால் படித்துவிட்டு, தன் மூளையில் உதித்ததுபோலக் கதை சொல்வார்.

ஒரு படத்தில் மாமல்லபுரம் கடல். தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சிவப்பாகச் சூரியன். கட்டுமரத்தை அலைக்குள் தள்ளும் நாலு பேர்.

"அஸ்தமனம். ஒரு வாழ்க்கை முடிகிற சோகம் தெரியுதா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள்கூட உச்சுக்கொட்டினார்கள்.

நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் கோவளத்துக்காரி. "இன்னா பேசுறீங்க? எங்க கடல்ல சூரியன் முளைக்கும், விழாது. அவங்க காலையில தொழிலுக்குப் போறாங்க" என்றேன்.

"சீட்டுல போட்டிருக்கான். உனக்கென்ன தெரியும்?"

வரைந்தவன் விடியுமுன் எழுந்து எங்கள் மணலில் வந்து உட்கார்ந்திருக்கிறான். சீட்டு எழுதியவன் நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரரோ படத்தையே பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அம்மா வீட்டுக்குப் போனபோது, விடியலில் அவரைக் கோவளம் கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். சூரியன் தண்ணீரிலிருந்து சிவப்பாக எழுந்து வந்தது. முழுசாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் படத்துல இருந்த சோகம் இதுல இல்லையே" என்றார்.