எங்கள் நிதியத்துக்கு ஒரு விலாசம்

எங்கள் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு நிதியம் தொடங்குவது என்று முடிவானதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சங்கத்தின் செயலாளர் நான். உயர்தர வகுப்புப் படிக்கப் பதுளைக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி வேண்டும் என்பதுதான் எண்ணம். வெறும் சங்கமாக இருந்தால் கட்டடத்தைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது, நிதியத்தை ஒரு கம்பனியாகப் பதிய வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் சட்டத்தரணி யாழ்ப்பாணத்துக்காரர். சிரிப்பை வீட்டில் பூட்டிவிட்டு வந்தவர் போல இருப்பார், ஆனால் வேலையில் புலி. லாபத்தை அங்கத்தவர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது, நிதியத்தை மூடினாலும் சொத்து இன்னொரு பொதுக் காரியத்துக்குத்தான் போக வேண்டும், நோக்கத்தை அமைப்பு விதிகளில் தெளிவாக எழுத வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கல்யாணப் பேச்சு நடக்கிற மாதிரி எனக்குச் சந்தோஷம். பெயருக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. காலத்தோடு பதியாவிட்டால் அந்தப் பெயர் கைநழுவிவிடும் என்று எச்சரித்தார், அதையும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

பதிவு அலுவலகம் எது என்ற கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். மடுல்சீமைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், நாங்கள் கூட்டம் போடும் அறைதான் அலுவலகம் என்று ஏகமனதாக முடிவு செய்திருந்தோம். விலாசத்துக்கு, யோசிக்காமலே, தோட்ட ஆபீஸ் என்று எழுதிவிட்டேன். லயத்தில் பிறந்தவர்களுக்கு வேறு விலாசம் ஏது? தெருவும் கிடையாது, வீட்டிலக்கமும் கிடையாது. தபாலெல்லாம் ஆபீசுக்கு வரும். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் வைத்துக் கொடுப்பார்கள்.

சட்டத்தரணி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நிதியத்துக்கு வாற கடிதங்களை முதல்ல ஆர் பிரிக்கிறது? தோட்டத்துத் துரையோ, நீங்களோ?”

எனக்குச் சுரீரென்றது. என் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் அப்படியொரு ஆபீஸ் மேசையில் கேட்பாரற்றுக் கிடந்து, கடைசி நேரத்தில்தான் என் கைக்கு வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்ட நானே நிதியத்தையும் அதே மேசைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன். டவுனில் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கலாம் என்றார் தலைவர். டவுனில் பலகை மாட்டத்தானா இத்தனை பாடு என்று சீறினேன். ஆளுக்கொன்று பேசினோமே தவிர, விலாசம் கிடைத்தபாடில்லை.

அப்போதுதான் எங்கள் பொருளாளர் குறுக்கிட்டார். மீரியபெத்தயில் மண் சரிந்தபோது அம்மாவைப் பறிகொடுத்தவர் அவர். பிறகு கிடைத்த புது வீட்டில் இருக்கிறார்.

“எங்க வீட்ட போடுங்க டீச்சர். கேட்டுல நம்பர் இருக்கு. எங்கம்மா ஆயுசுக்கும் நம்பர் இல்லாத வீட்டுலதான் இருந்துச்சு.”

வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் ஒன்று வேண்டும் என்று சட்டத்தரணி மெல்லச் சொன்னார்.

பதிவு முடிந்தது. நேரில் வந்து சான்றிதழை வாங்கிக்கொள்ளலாமே என்று சட்டத்தரணி கேட்டபோது, தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்தேன். பள்ளி விடுமுறை நாட்கள். போன் மேல் போன் போட்டுப் பொருளாளரின் உயிரை வாங்கினேன். கடைசியில் அவரே கூப்பிட்டபோது நான் பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன்.

“டீச்சர், தபால்காரரு கேட்டுல நிக்கிறாரு. நிதியத்தோட பேர சொல்லி, இந்த வீடுதானான்னு கேக்குறாரு.”

ஆமாம் என்று சொல்லுங்கள் என்று நான் கத்தியதில், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.