ஜெபக்கனி அக்கா சுற்றிய பாபின்

போடியில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். போடிமெட்டில் பஸ் நின்றபோது செல்வி போன் செய்தாள். சித்திரபுரத்தில் எங்கள் தையல் யூனிட்டில் எனக்கு அடுத்த மிஷினில் உட்காருகிறவள். "யக்கா, நம்ம ஜெபக்கனி அக்கா போயிட்டாகக்கா. காலைல காப்பி போட எந்திரிச்சவுக, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அடுப்படிலயே உக்காந்துட்டாகளாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் ஐயோ என்று சத்தம் போட்டேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

ஆனால் முதலில் என் மனதில் வந்தது துக்கம் அல்ல. 'இனி அதைச் சொல்ல வேண்டியதில்லை' என்று ஒரு நிம்மதிதான் முதலில் வந்தது. வந்தது வந்ததுதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர்களுக்காகப் பத்துப் பேர் முன்னால் நான் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து நாலு மாதமாகச் சொல்லாமல் இருந்தேன். பஸ் பூப்பாறை வந்து சேர்வதற்குள் அந்த நிம்மதியை நினைத்து எனக்கே அருவருப்பாகிவிட்டது.

யூனிட்டின் லீடர் என்பதால், இன்றைய நினைவுக் கூட்டத்துக்கு நான்தான் எழுதி வாசிக்க வேண்டும் என்று போதகர் சொன்னார். அவர்களைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜெபக்கனி அக்கா பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர்கள். முழங்கால் தேய்ந்து, மலையேற முடியாமல் வேலையை விட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் யூனிட்டுக்கு வந்தார்கள். முதல் நாளே, "லீடரம்மா, எனக்குக் காலால மிதிக்க ஆகாது. கை நல்லாருக்கு. கைக்கு என்ன வேல உண்டோ அதக் குடு, மதி" என்றார்கள். மதி என்றால் மலையாளத்தில் போதும். நான் போடியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். பேச்சில் பாதி மலையாளம் கலந்த இந்த எஸ்டேட் தமிழ் எனக்கு அப்போது கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். அவர்களும் சும்மா விட மாட்டார்கள். நான் கோபப்பட்டுக் கத்தினால், "போடி மிளகாய்க்குக் காரம் இன்னைக்குக் கூடிருச்சு" என்பார்கள்.

அவர்களுக்குப் பாபின் சுற்றும் வேலையைக் கொடுத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தையல் மிஷினில் இரண்டு நூல் ஓடும். மேல் நூல் ஊசி வழியாக வரும். கீழ் நூல் பாபின் என்கிற சின்ன உருளையில் சுற்றி மிஷினுக்கு அடியில் இருக்கும். பாபினில் தளர்வாகச் சுற்றினாலும் கோணலாகச் சுற்றினாலும் தையல் கெடும். அக்கா சுற்றிய பாபினை நான் ஒரு நாளும் கையில் வாங்கிப் பார்த்ததில்லை, நேரே போட்டுத் தைப்பேன். ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, வாயால் ஊதி, பவுடர் டப்பாவில் அடுக்கி வைப்பார்கள். ஒருமுறை செல்வி, "யாரு பாக்கப் போறா, இவ்வளவு பாக்கீக?" என்று கேட்டாள். "ஊசிக்குத் தெரியும்ட்டி" என்றார்கள்.

இது அவர்களின் வேலை. என் வேலை, லீடர் என்பதால், காலையில் எல்லா மிஷினிலும் மேல் நூலைக் கோர்ப்பது. அதை வேறு யாரையும் தொடவிட மாட்டேன். அது என் கெத்து.

போன வருடம் மே மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மெரூன் கலரில் யூனிஃபார்ம் தைக்கும் வேலை வந்தது. அதற்கென்றே பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் சலீம் பாய் என்பவரிடம் இரண்டு புது மோட்டார் மிஷின் வாங்கினோம். வேலை தொடங்கும்போதே மெரூன் நூல் பற்றாது என்று தெரிந்தது. அக்கா என்னிடம் வந்து, "தனம், கீழ் நூலுக்குக் காப்பிக் கலர் சுத்தட்டா? உள்ள தான வரும்?" என்று கேட்டார்கள். சுத்துங்க என்றேன். நான்தான் சொன்னேன்.

புது மிஷின் இரண்டும் முதல் நாளே மக்கர் செய்தன. மேலே பார்த்தால் தையல் சுமாராகத் தெரியும். துணியைப் புரட்டினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு, குருவிக்கூடு மாதிரி கட்டிக் கிடக்கும். ஊசியை மாற்றினேன். அடியில் கழற்றித் தூசி தட்டினேன், எண்ணெய் விட்டேன். பாபின் கேஸின் திருகைத் திருகித் திருகி இன்னும் மோசமாக்கினேன். கடைசியில் சலீம் பாய்க்கே போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க அக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க. புட்டத் தூக்கீட்டு நூலக் கோருங்க, செரியாப் போயிரும்" என்றார்.

கோயில் ஹாலில் வாசிக்கிற சொல் இல்லைதான், போதகர் மன்னிக்க வேண்டும், ஆனால் இது இல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது. எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்த இடத்தில், துணியை அழுத்திப் பிடிக்கிற இரும்புக்குப் 'பாதம்' என்று பெயர். அதை ஃபுட் என்று சொல்வார்கள் என்பதும், அவர் வாயில் அது 'புட்டு' ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தது என்னவென்று உங்களுக்கே புரியும். "யாருகிட்ட என்ன பேசுறீங்க? வெக்கமா இல்ல?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அவர் திரும்ப மூன்று தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை.

அந்தக் கோபத்தோடு திரும்பினேன். எதிரே பவுடர் டப்பாவோடு அக்கா நின்றார்கள். "கண்ட நூலையும் பாபின்ல சுத்தி வச்சா இப்படித்தான் சிக்கும். தைக்கத் தெரியாதவங்கள உள்ள விட்டது என் தப்பு" என்றேன். மொத்தம் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிக்கு அடியில் இருக்கிறது, அடி நூல் சுற்றியவர் ஜெபக்கனி, ஆகவே குற்றம் அவருடையது என்று எல்லாருக்கும் கணக்குச் சரியாகிவிட்டது. காப்பிக் கலர் சுற்றச் சொன்னது யார் என்று அக்கா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டப்பாவை மூடி வைத்தார்கள்.

கெட்டுப்போன நாற்பது உடுப்பையும் பிரிக்கும் வேலையை அவர்களிடமே தள்ளினேன். தண்டனை மாதிரிதான் கொடுத்தேன், மாதிரி என்ன, தண்டனையேதான். இரண்டு நாள் தலை நிமிராமல் பிரித்தார்கள். மூன்றாம் நாள் எல்லாரும் டீ குடிக்க வெளியே போனபோது என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள்.

"தனம், இங்கன பாரு. காப்பிக் கலர் நேரா படுத்துக் கெடக்கு. இழுத்தா ஒரே இழுப்புல வருது. சிக்கு பூரா மெரூனு."

துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். மெரூன் மேல் நூல். நான் கோர்த்த நூல். அடியில் கொத்தாகத் தெரிகிற சிக்கு, மேல் நூல் பிடிப்பில்லாமல் வருவதால் விழுகிற சிக்கு என்பதை அந்த இரண்டு நிறமும் பிரித்துக் காட்டிவிட்டன. எல்லாம் ஒரே நிறமாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அக்கா அதோடு விடவில்லை. தன் போனில் சலீம் பாயைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர் பாவம், அழாத குறையாக, "நான் என்னங்க தப்பாச் சொன்னேன்? மிஷின் புட்டு கீழ எறங்கியிருந்தா நூலு தகட்டுக்குள்ள போயி ஒக்காராதுங்க, மேல தூக்கீட்டுத்தான் கோக்கோணும். அதச் சொல்றதுக்குள்ள அந்தக்கா வெச்சுப்போட்டாங்க" என்றார். என் பழைய மிஷினில் பாதத்தை இறக்கி வைத்துக் கோர்த்தே பதினைந்து வருடம் தைத்திருக்கிறேன். புது மிஷினுக்கு அது ஆகாது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்துவிட்டு, "ஏட்டி, அவரு மிஷினோடதச் சொல்லியிருக்காரு, ஒன்னோடத இல்ல" என்றார்கள். நானும் சிரித்தேன். பாதத்தைத் தூக்கி நூலைக் கோர்த்தோம். தையல் கோடு போட்ட மாதிரி போனது.

அதற்குள் மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள். "எப்படிக்கா சரியாச்சு?" என்று செல்வி கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தார்கள். நான், "மெக்கானிக் போன்ல சொன்னாரு, சரி பண்ணிட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யாருடைய குற்றம் என்று சொல்லவில்லை. அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உடுப்பெல்லாம் தைத்து முடியும்வரை வந்தார்கள். ஜூன் பிறந்ததும் முழங்கால் வலி என்று நின்றுவிட்டார்கள். நான் நிறுத்திவிட்டதாகத்தான் அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மனது கேட்காமல் கேக் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் ஸ்டெல்லா தேவிகுளத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து, "அக்கா, தப்பு என்னோடது, மன்னிச்சிருங்க" என்று அழுதேன். எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தார்கள். கேக்கை வெட்டி முதல் துண்டை எனக்கே தந்தார்கள். அப்புறம் சொன்னார்கள்:

"நான் அன்னைக்கே மன்னிச்சாச்சு, தனம். ஆனா பத்துப் பேரு முன்னாடி சொன்னத, என் அடுப்படில வந்து திரும்ப எடுத்தா எப்படி? எனக்கு ஒண்ணுமில்ல. எம் மக அந்த லயத்து வழியாத்தான் நடக்கணும். அவளப் பாத்து ஒருத்தி, 'வேல தெரியாதவ மக'ன்னு சொல்லிறப்படாது. அங்கன வச்சுச் சொல்லு."

யூனிட்டின் ஜனவரி மாதக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை வந்தார்கள். நீலக்கரை போட்ட நல்ல சேலை, கோயிலுக்குக் கட்டுவது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்று பஞ்சாயத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், அவர் முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். பிப்ரவரியிலும் அதே சேலையோடு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் இருந்தார்கள், அவர்களுக்கு முதல் நாளே லீடரின் மானம் போக வேண்டுமா என்று விட்டுவிட்டேன். மார்ச்சில் எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. மூன்று தடவையும் கூட்டம் முடிந்ததும் சுவரைப் பிடித்து எழுந்து, என் பக்கத்தில் வந்து, "வரட்டா தனம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் வரவில்லை. ஏப்ரல் முடிவதற்குள் போய்விட்டார்கள்.

அடக்கத்தன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். லயத்துப் பெண் ஒருத்தி, பெயர் வேண்டாம், நல்ல மனதோடுதான் சொன்னாள்: "தங்கமான மனுசி. கைவேலதான் கொஞ்சம் பத்தாது, பாவம்." எதிரே ஸ்டெல்லா நின்றாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யாருடைய காதிலும் விழக்கூடாது என்று அக்கா பயந்த வார்த்தை, அவர்கள் கண்மூடிக் கிடக்கும்போதே அவர்கள் மகளின் காதில் விழுந்தது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். மண் போடும்வரை நின்றுவிட்டு மற்றவர்களோடு திரும்பி வந்தேன். பஸ்ஸில் எனக்கு வந்த அந்த நிம்மதி எவ்வளவு கேவலமானது என்று அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. ஆள் போனால் பழியும் போய்விடும் என்று நினைத்தேன். பழி அங்கேயே இருந்தது, இப்போது அதைச் சுமக்க ஸ்டெல்லா இருந்தாள்.

இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரி எழுதினேன். அன்பானவர், அமைதியானவர், உழைப்பாளி என்று இரண்டு பக்கம். எல்லாம் உண்மைதான். வாசித்துப் பார்த்தால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் போலிருந்தது, கிழித்துப்போட்டேன். வேறு யாராவது வாசிக்கட்டும் என்று செல்வியிடம் கொடுக்கவும் பார்த்தேன். அவள் வாங்கியிருப்பாள். அதனால்தான் கொடுக்கவில்லை.

அன்றைக்கு இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் இங்கே இருக்கிறீர்கள். லயத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். எல்லார் முன்னிலையிலும் தனலட்சுமியாகிய நான் சொல்கிறேன். போன மே மாதம் யூனிஃபார்மைக் கெடுத்தது என் கை. ஜெபக்கனி அக்கா சுற்றிய பாபினில் ஒரு சுற்றுக்கூடத் தப்பில்லை. பிழையைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அந்த நாற்பது பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன உடுப்பு அக்காவால்தான் சரியானது. தெரிந்துகொண்டே நான் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா, நீ தலை நிமிர்ந்து உட்காரு தாயி. உங்கம்மா வேலை தெரிந்தவர்கள்.

அக்கா, நீங்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்த மூன்று நாளும் இதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நீங்கள் இல்லாத நாளில் சொல்கிறேன், அது உங்களுக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். காகிதத்தை மடித்துவிட்டு நான் போய் உட்காரப்போவதில்லை. உங்கள் மகளும் மற்றவர்களும் கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்கும்வரை இங்கேயே நிற்கிறேன். நீங்கள் போய்வாருங்கள்.