சிவப்புப் பொட்டும் பிள்ளையார் சுழியும்

ஐயா, அம்மையீர்,

இதனை வாசிக்க நேரும் தாங்கள் யாராயினும், முதற்கண் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களைப் பிரித்து வாசித்து எழுதப் பழகியவன். நடையில் பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

எழுபதுகளின் முற்பகுதியில், கும்மிடிப்பூண்டியில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு மரக்கிடங்கில் சீட்டு எழுதும் வேலை பார்த்தேன். அறுத்த பலகைகளை அளவு வாரியாக அடுக்கி, இரும்புப் பட்டியைச் சுற்றி இறுக்கி, கிளிப்பை நசுக்கிப் பூட்டுவார்கள். அதன்பின் கட்டின் முகப்பில் நான் அட்டைச் சீட்டை ஆணியால் அறைவேன். மரத்தின் இனம், அளவு, எண்ணிக்கை, கட்டிய நாள், பட்டி போட்டவரின் அடையாளம் ஆகியவை அதில் இருக்கும். சீட்டின் மேல்மூலையில் ஒரு சிறு கட்டம் மட்டும் எந்தத் தலைப்பும் இன்றி வெறுமையாக இருந்தது. எனக்கு முன் அவ்வேலையைப் பார்த்து இறந்துபோனவர் அக்கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் பொட்டு வைத்திருந்தார், சிலவற்றில் வைக்கவில்லை. எனக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. அவர் எழுதிய சீட்டுகளே எனக்குப் பாடம். மங்கலத்துக்காக வைத்த பொட்டு என்றும், அவசரத்தில் சிலவற்றுக்கு மறந்துவிட்டார் என்றும் நானாக முடிவு செய்துகொண்டேன். நான் மறக்கவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் அக்கட்டத்தில் பிள்ளையார் சுழி போட்டேன்.

பட்டி போட இருவர். அவர்களுள் மூத்தவர் ஆரம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து வருபவர். தெலுங்கு கலந்து பேசுவார். கழுத்தில் சிறு சிலுவை அணிந்திருப்பார். அவருடைய அடையாளம் இரட்டைக் கோடு. இளையவருக்கு ஒற்றைக் கோடு.

நான் சேர்ந்த ஆண்டு சித்திரையில் கட்டுகள் தளரத் தொடங்கின. விரல் நுழையாதபடி இறுக்கிய பட்டிக்குள் சில நாளில் உள்ளங்கையே நுழைந்தது. தளர்ந்தவை அனைத்தும் இரட்டைக் கோட்டுக் கட்டுகள். ஒற்றைக் கோட்டுக் கட்டு ஒன்றுகூடத் தளரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றடுக்காக ஏற்றியிருந்த அடுக்கின் மேல்கட்டு பிதுங்கிச் சரிந்தது. கீழே நின்ற சுமைக்காரர் பின்னால் துள்ளினார். அவருடைய ஒற்றைச் செருப்பு பலகைகளுக்கு அடியில் போயிற்று.

"செருப்பு போச்சு, காலு கீது! இன்னாயா கட்டறீங்க? பூக்கட்ற பொம்பள இதவிட இறுக்கி கட்டுவா!" என்று அவர் கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்தார்.

"இது தானா அவுந்த மாதிரி தெரியல. யார் வேலைன்னு பார்த்து கிடங்கு நாள்குறிப்புல எழுதுங்க. சனிக்கிழமையோட அந்த ஆளை நிறுத்திடறேன்."

எனக்கு ஏற்கெனவே ஐயம் இருந்தது. எல்லோரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்தில் இரட்டைக் கோட்டுக்காரர் மட்டும் கருவிப்பையுடன் அடுக்குகளுக்குள் போவார். திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் ஒரு சிரிப்பை மட்டும் பதிலாகத் தருவார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்று நண்பகலில் சவுக்குக் கம்புகளின் குவியலுக்குப் பின் ஒளிந்து நின்று கவனித்தேன். அவர் ஒவ்வொரு பட்டியையும் திருப்புளியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு கத்தரியை எடுத்து ஒரு பட்டியை நறுக்கென்று வெட்டினார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதற்குமேல் அங்கு நில்லாமல் ஓடிச்சென்று, "இரட்டைக் கோட்டுக்காரர் பட்டியை வெட்டியதை நேரில் கண்டேன்" என்று மையால் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மாலையில் செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. ரயிலுக்குப் புறப்பட்ட என்னை வாயிலில் மறித்தார்.

"வெட்டனத பார்த்த நைனா, சரி. வெட்டிட்டு புதுப் பட்டி போட்டனே, அத பார்த்தியா?"

"புதுப் பட்டி எதற்கு?"

"ஈர மரம் காஞ்சா சுருங்கும், பட்டி தொங்கிடும். வெட்டிட்டு மறுபடி கட்டணும். தண்ணித் தொட்டிலேந்து எடுத்து அறுத்த ஈர மரம் பூரா என் தலைல, காஞ்சது பூரா சின்னவனுக்கு. முன்ன இருந்தவரு ஈரக் கட்டுக்கு செவப்பு பொட்டு வெப்பாரு. பொட்டு வெச்சத ரெண்டு அடுக்குக்கு மேல ஏத்த மாட்டாங்க, வாரத்துல திருப்பி இறுக்குவாங்க. நீ எல்லாத்துக்கும் சுழி போட்டுக்கினு கீற. ஏத்தறவனுக்கு இன்னா தெரியும்?"

"முன்பே சொல்லியிருக்கலாமே?"

"நான் வேதக்காரன். உன் சாமி எழுத்த எடுத்துட்டு பொட்டு வையின்னு நான் எப்படி சொல்றது? பேஜாரா பூடும். அதான் சோறு துன்ற நேரத்துல நானே சுத்திக்கினு இருந்தேன்."

ஐயா, நான் அதையும் நம்பவில்லை. குற்றத்தை என் சீட்டின்மேல் தள்ளுகிறார் என்றே நினைத்தேன். மறுநாள் காலை, புதிதாக அறுத்த ஈரப் பலகைக் கட்டு ஒன்றை அவரை நெருங்கவிடாமல் இளையவரைக் கொண்டு கட்டச் செய்தேன். கிளிப்பின் மேலும் பட்டியின் மேலுமாகக் காகிதத் துண்டுகளைக் கோந்தால் ஒட்டி, குறுக்கே என் கையெழுத்தைப் போட்டேன். தினமும் மூன்று முறை போய்ப் பார்த்தேன். எவரேனும் நீராவி காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டியிருப்பாரோ என்று விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வெயில் தீயாய்க் காய்ந்தது. சனிக்கிழமை காலையில் என் கையெழுத்து ஒரு கோடும் பிசகாமல் இருந்தது. அதனடியில், பட்டிக்கும் பலகைக்கும் இடையே என் நான்கு விரல்களும் நுழைந்தன.

பிறகு மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வந்து காகிதத்தைப் பார்த்தார், விரலை நுழைத்தும் பார்த்தார். ஆளை நிறுத்தவில்லை. நாள்குறிப்பில் நான் எழுதியதை அடித்துவிடுகிறேன் என்று கேட்டதற்கு மட்டும் இணங்கவில்லை.

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு. அடிச்சாலும், கீழ மாத்தி எழுதினாலும் மேலிடத்துல கேள்வி வரும். ஆள் இருக்காருல்ல, விடுங்க."

அன்றே சிவப்புப் பென்சில் வாங்கினேன். கிடங்கிலிருந்த ஈரக் கட்டுகளுக்கெல்லாம் பொட்டு வைத்து, மூன்றாம் அடுக்கை இறக்கச் செய்தேன். சுழியைச் சீட்டின் பின்புறத்துக்கு மாற்றிக்கொண்டேன். இரட்டைக் கோட்டுக்காரர் பார்த்துவிட்டு, "சாமிய பின்னால தள்ளிட்டியே நைனா, கோச்சிக்கப் போறாரு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இம்முறை அச்சிரிப்பில் எனக்கு ஐயம் எழவில்லை.

ஈராண்டு கழித்துக் கிடங்கு கைமாறியது. நிரந்தரம் ஆக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரிக்க வந்த புதிய மேலாளர் பழைய நாள்குறிப்புகளைப் புரட்டினார். பட்டியலில் இளையவர் பெயர் இருந்தது, என் பெயரும் இருந்தது, இரட்டைக் கோட்டுக்காரருடையது இல்லை. நான் உள்ளே சென்று நடந்ததைச் சொன்னேன். "எழுதினதும் நீங்க, இல்லேங்கறதும் நீங்க. எதை நம்பறது?" என்று கேட்டார். இரட்டைக் கோட்டுக்காரர் கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு தடா ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறியதை வாயிலில் நின்று பார்த்தேன். பிறகு அவரைக் காணவில்லை.

அந்த நாள்குறிப்பு எங்கேனும் ஒரு பீரோவில் இன்னும் இருக்கக்கூடும். அதில் என் கையெழுத்துடன், பாதி மட்டும் கண்டு எழுதிய ஒரு பொய் இருக்கிறது. அதற்கு மாறாக என் கையால் எழுதப்பட்டது இது ஒன்றே. ஆகையால் இதைத் தூர எறியாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.