தறி நின்றபோது அவர் பார்த்தது

வசந்தா மேடம் இறந்துவிட்டார் என்று ஆரணி பஸ் நிலையத்திலிருந்து என் கணவர் போன் செய்தபோது நான் தறியில் இருந்தேன். "யார் சொன்னாங்க? சரியா விசாரிச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். எதையும் சட்டென்று நம்பும் பழக்கம் எனக்கில்லை. "உங்க வீட்டுக் காபியக்கூட நீங்க சந்தேகப்பட்டுத்தான் குடிப்பீங்க" என்று மேடம் கேலி செய்வார். அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் இப்போதும் கேட்கும்.

அவரையும் நான் நம்பியதில்லை. நாங்கள் கவினைத் தத்தெடுத்த புதிது. இறுதி உத்தரவு வருவதற்கு முன், குழந்தை எங்களிடம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எங்கள் ஊரான முள்ளிப்பட்டுக்கு வந்த மனநல ஆலோசகர் அவர். ஒட்டவில்லை என்று அவர் எழுதினால் பிள்ளை போய்விடுவான் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "நான் பால் குடுக்கலையே மேடம், அதயும் எழுதுவீங்களா?"

"பால் குடுக்கறதாலதான் குழந்தை ஒட்டுதுன்னு ஒரு காலத்துல படிச்சவங்களே சொல்லிகினு இருந்தாங்க. அப்புறம் அது இல்லன்னு ஆயிடுச்சுங்க. அழுதா யாரு வராங்கன்னுதான் குழந்தை பாக்கும்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தக் கதை அளக்கிறார் என்றே எண்ணினேன்.

கவின் சிணுங்கினால் தறியை நிறுத்திவிட்டுப் போய்த் தூக்குவேன். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். கடைசி முறை வந்தபோது மேடம் அவனைத் தறிக்கு அருகே பாயில் உட்காரவைத்து, "தறிய நிறுத்திட்டுப் பின்னால போங்க, கூப்பிட்டா வாங்க" என்றார். நான் அவனைத் தூக்காமலே போனேன். கதவுக்குப் பின்னால் நின்று அழுகைக்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. மேடம் கூப்பிட்டுத் திரும்பி வந்தபோது அவன் ஒரு நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அழலையே மேடம், அப்ப ஒட்டலையா?" என்றேன்.

"அழலைங்க. தறி நின்னதும் ரெண்டு கையையும் தூக்கிகினு கதவையே பாத்தான். தறி நின்னா நீங்க வருவீங்கன்னு அவனுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

உத்தரவு வந்தது. பிள்ளை எங்களுடையவன் ஆனான். ஆனால் அவன் கை தூக்கியதை நான் பார்க்கவில்லை, அவர் மட்டுமே பார்த்தார். இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யோ என்ற சந்தேகம் இத்தனை வருஷமும் என்னை விட்டதில்லை. நேரில் கேட்கவும் பயம். இனி கேட்க ஆளும் இல்லை.

போனை வைத்தபின் என் கை ஓடவில்லை, தறி நின்றுபோயிருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை, அழக்கூட இல்லை. அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கவின் வாசற்படியில் வந்து நின்றான்.

"தறி நின்னுபோச்சே, இன்னாம்மா ஆச்சு?"

அப்போதுதான் அழுதேன். மேடம் சொன்ன அந்த இரண்டு கைகளும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டன.