உத்தரவில்லாமல் கேட்டவள்

குற்றாலத்தில் தபாலாபீசும் எங்கள் வீடும் ஒரே கட்டடம். முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் குடித்தனம், நடுவே ஒரு சுவர். என் வீட்டுக்காரர்தான் போஸ்ட்மாஸ்டர். தந்தியும் அவரே பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தந்தி மேஜை, இந்தப் பக்கம் என் அடுப்பு. அதனால் சாரல் காலம் முழுக்க, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த ஜமீன்தார் எந்த பங்களாவுக்கு வருகிறார் என்பதெல்லாம் ரசம் கொதிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும்.

தந்தி மெஷினின் அந்தக் கட்டுக்கடா சத்தம் உனக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் அவர் தந்திப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதுகூட டம்ளரில் நகத்தால் தட்டி, ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுவார். நானும் பாளையங்கோட்டையில் தேர்டு பாரம் வரை படித்தவள்தான். பரிமாறுகிறவளுக்கும் காது உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆபீஸ் விஷயம் ஒரு சொல்கூட அடுக்களைக்குள் வரக்கூடாது என்பவர் அவர். எனவே நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

அது சண்டைக் காலம். வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி அங்கங்கே தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தந்திக் கம்பியை அறுத்தார்கள். எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணின் புருஷன், பள்ளிக்கூட வாத்தியார், அதில் சேர்ந்து தலைமறைவாகிவிட்டான். கைப்பிள்ளையோடு அவள் தனியாக இருந்தாள். என்னை மதினி என்று கூப்பிடுவாள். அவளுக்கு வரும் தந்தியைக் காட்டு என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் வாய்வார்த்தையாகக் கேட்டார். எழுத்தில் உத்தரவு வேண்டும் என்று இவர் திருப்பி அனுப்பினார். சில நாளில் கலெக்டர் கையெழுத்தோடு உத்தரவே வந்துவிட்டது. ஆபீஸ் பெஞ்சில் ஒரு போலீஸ் ஏட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒருநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளுக்குத் தந்தி வந்தது. தாயாருக்கு ரொம்ப மோசம், உடனே புறப்படு. என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. தென்காசியில் பகல் ரயிலைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். விட்டால் மறுநாள்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏட்டின் குரல் கேட்டது. "இன்ஸ்பெக்டர் அய்யா எண்ணெய் தேச்சு அருவிக்குப் போயிருக்காரு. அவரு வார வரைக்கும் அதை நிறுத்தி வையும்."

சாரலில் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போன மனிதர் சீக்கிரமா திரும்புவார்? ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிடலாம். சொன்னால் இவர் வேலை போகும். என்ன செய்வது என்று தெரியாமல், இருந்த புளிக்காய்ச்சலில் சோற்றைக் கிளறி வாழையிலையில் கட்டினேன். பயந்தாங்கொள்ளி என்று என் வீட்டுக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அப்போதுதான் அவர் பேசினார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"உத்தரவை நல்லாப் படியும், ஏட்டய்யா. நகல் குடுக்கணும்னு இருக்கு, குடுக்கேன். தந்தியை நிறுத்தணும்னு எங்கன இருக்கு?"

"அய்யா வந்து கேட்டா நான் என்ன சொல்லுதது?"

"நிறுத்தணும்னா அதையும் கலெக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லும். இந்தாரும் நகல். இங்கன ஒரு கையெழுத்துப் போடும்."

தந்திச் சேவகனின் செருப்புச் சத்தம் அடுத்த வீட்டு வாசலை நோக்கிப் போனது. அந்த நிமிஷம் என் வீட்டுக்காரரை விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது.

தண்ணீர் குடிக்க அவர் உள்ளே வந்தார். பொட்டலத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, யாருக்கு இது?"

"அடுத்த வீட்டுப் பொண்ணுக்குத்தான். ரயில்ல பசிக்கும்லா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுத்த வீட்டிலிருந்து அழுகைகூட இன்னும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "கொண்டு போய்க் குடு, நேரமாகுது" என்று மட்டும் சொன்னார்.

அவள் ரயிலைப் பிடித்துவிட்டாள். தாய் அவளை அடையாளம் கண்டு, பேரப்பிள்ளையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாளாம்.

அன்று சாயங்காலம் அவர் கேட்டார். "அந்த இன்ஸ்பெக்டருக்காவது கலெக்டர் கையெழுத்து இருக்கு. உனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

மறுநாள் தந்தி மேஜை எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. அடுக்களை வெறிச்சென்று ஆனது. ஊரே என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. கோபத்தில் குழம்புக்கு உப்பே போடவில்லை. அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு டம்ளர் விளிம்பில் நகத்தால் மெல்லத் தட்டினார். எழுத்தெழுத்தாகக் காதில் விழுந்தது, இங்கிலீஷில், உப்பு என்று.

சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன்பின் கடைசிவரை மோரும் ஊறுகாயும் அப்படித்தான் கேட்டார்.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. பேரன் விளையாட்டாக டம்ளரைத் தட்டினால்கூட நான் எழுந்து உப்பு ஜாடியை எடுக்கப் போய்விடுகிறேன்.