லிப்போமா

குன்னூர் பக்கத்து எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், தோளில் இருந்த கட்டிக்கு ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டை என்னிடம் படிக்கக் கொடுத்தார். லிப்போமா என்றிருந்ததை லிம்போமா என்று படித்துவிட்டேன். அது புற்றுநோய். சொல்ல வாய் வராமல், "டாக்டரைப் பாத்துரலாங்க்கா" என்றேன். என் முகமே அவருக்குச் சொல்லிவிட்டது.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "லிப்போஸ்னா கிரேக்கத்துல கொழுப்புங்க. இது வெறும் கொழுப்புக் கட்டி. பயப்படாதீங்க."

"எனக்கா கொழுப்பு?" அக்கா தன் மெலிந்த கையைப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"லீவு போட்டாச்சு. வாங்க தம்பி, டீ குடிப்போம்" என்றார். கடையில் இரண்டு பன் வாங்கித் தின்றார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.